கிர் சிங்கங்கள் 891 ஆன பிறகும் இன்னொரு காடு ஏன் கேட்கப்படுகிறது?

கேள்வி: கரிசல்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். சென்ற வாரம் அருகிவரும் உயிரினங்கள் பற்றிய பாடத்தில் ஆசியச் சிங்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "1968-இல் 177 இருந்த சிங்கம் 2025 கணக்கெடுப்பில் 891 ஆகியிருக்கிறதே, ஐந்து மடங்கு பெருகிய விலங்கை இன்னும் அருகிவருவது என்று ஏன் சொல்கிறோம்?" என்று கேட்டார். எல்லாச் சிங்கங்களும் குஜராத்தின் கிர் காடும் அதன் சுற்றுப்புறமுமான ஒரே இடத்தில் இருப்பதால்தான் என்று ஒரு வரியில் விடை சொல்லி அவரை அமர வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அந்த விடை எனக்கே போதவில்லை.

ஒரே இடத்தில் இருப்பது எந்த வகையில் ஆபத்து என்பதை உயிரியல் அடிப்படையில் யாரேனும் விளக்க முடியுமா? நன்றாகப் பெருகிக்கொண்டிருக்கும் சிங்கங்களைப் பிடித்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதில் உள்ள இடர், அவற்றை அங்கேயே விட்டுவைப்பதில் உள்ள இடரைவிடப் பெரிதாக இருக்காதா என்ற ஐயமும் எனக்கு உண்டு. மரபணு வேறுபாடு மிகக் குறைவு என்று பாடநூல் சொல்கிறது; அப்படியானால் இவை எப்படி இவ்வளவு வேகமாகப் பெருகின என்பதும் புரியவில்லை.

மறுமொழி: மாட்டாஸ்பத்திரி

கரிசல்வாசி ஐயா, நான் கால்நடை மருத்துவன் என்பதால் நோயின் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன். மற்றதை விவரம் அறிந்தவர்கள் சொல்லட்டும்.

1994-இல் தான்சானியாவின் செரெங்கெட்டி சமவெளியில் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றுள் மூன்றில் ஒரு பங்கு, மடிந்தன. காரணம் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். நம் ஊரில் நாய்க்குட்டி மூக்கு ஒழுகி, கண்ணில் பீளை கட்டி, பிறகு கால் இழுத்துக்கொண்டு வலிப்பு வந்து சாகும் அந்த நோய்தான். மனிதர்களுக்குத் தட்டம்மை உண்டாக்கும் வைரஸுக்கு இது நெருங்கிய உறவு. பூங்காவைச் சுற்றியிருந்த கிராமங்களின் நாய்களிடமிருந்து அது காட்டுக்குள் சென்றது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அதற்கு முன்பும் அதே வைரஸ் அங்கே சிங்கங்களிடையே சத்தமில்லாமல் பரவிப் போயிருந்தது என்பதைச் சேமித்து வைத்த இரத்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்தபோது கண்டார்கள். அந்த முறைகளில் பெருஞ்சாவு இல்லை. 1994-இல் மட்டும் ஏன் இவ்வளவு சாவு என்று ஆராய்ந்தபோது, முந்தைய வறட்சியில் மெலிந்து உடம்பெல்லாம் உண்ணி மொய்த்த காட்டெருமைகளைச் சிங்கங்கள் பெருமளவில் தின்றிருந்ததும், அந்த உண்ணிகள் வழியே பேபிசியா என்ற இரத்த ஒட்டுண்ணி அவற்றின் உடலில் ஏராளமாக ஏறியிருந்ததும் தெரியவந்தன. டிஸ்டெம்பர் எதிர்ப்பாற்றலைக் குலைத்தது. வழக்கமாக அடங்கிக் கிடக்கும் பேபிசியா அந்த இடைவெளியில் தலைதூக்கியது. மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து சிறுநீர் சிவந்து போவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒட்டுண்ணி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கிருக்கு வருவோம். 2018 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கிர் கிழக்குக் கோட்டத்தின் தல்கானியா சரகத்தில் மூன்று வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. அவற்றுள் சிலவற்றில் டிஸ்டெம்பரும் சிலவற்றில் பேபிசியாவும் கண்டறியப்பட்டன. செரெங்கெட்டியில் சேர்ந்து வந்த அதே இரண்டுதான். சுற்றுப்புறச் சிங்கங்களை உடனே பிடித்துத் தனிமைப்படுத்தி, அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்துப் போட்டதால் அது அந்த அளவில் நின்றது. அந்தத் தடுப்பூசியை ஒரு முறை போட்டால் போதாது. மீண்டும் அளவு கொடுக்க வேண்டும், அதற்காக அதே சிங்கத்தை மறுபடியும் பிடிக்க வேண்டும். ஐம்பது மாட்டுக்குக் கோமாரி ஊசி போடுவதற்குள்ளேயே எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். திறந்த வெளியில் திரியும் எண்ணூறு சிங்கங்களுக்கு ஆண்டுதோறும் போடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

சிங்கம் கூட்டமாக வாழ்வது நோயின் கண்ணோட்டத்தில் ஒரு பெரிய பலவீனம். புலி தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்னும்; சிங்கங்கள் ஒரே இரையின் மீது மூக்கோடு மூக்கு உரசித் தின்னும், ஒன்றையொன்று நக்கும். இறந்த மாட்டை ஊருக்கு வெளியே போடும் இடத்தில் தெருநாய் வாய் வைத்ததையே சிங்கமும் இரவில் வந்து தின்னும். கிர் பகுதியில் இது அன்றாடக் காட்சி. செரெங்கெட்டியில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியது; அதைச் சுற்றிலும் வேறு சிங்கக் காடுகளும் இருந்தன, சில ஆண்டுகளில் எண்ணிக்கை மீண்டது. கிரில் அப்படி ஒன்று நேர்ந்தால் வெளியிலிருந்து வந்து சேர காட்டில் வாழும் இன்னோர் ஆசியச் சிங்கக் கூட்டம் உலகத்தில் எங்கும் இல்லை. விதைநெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைத்திருக்கிறோம்; குதிர் நிறைந்திருக்கிறது என்பதால் அந்துப்பூச்சி வராமல் இருக்கப்போவதில்லை.

மறுமொழி: சுவடன்

மருத்துவர் நோயைப் பற்றி முழுமையாகச் சொல்லிவிட்டார். ஆசிரியர் ஐயாவின் மற்ற இரு ஐயங்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த 891 என்ற எண்ணைப் பிரித்துப் பாருங்கள். அவற்றுள் வளர்ந்த ஆண்கள் 196, வளர்ந்த பெண்கள் 330. மீதி 365-உம் இளம் சிங்கங்களும் குட்டிகளுமே. பெண் சிங்கம் நான்கு வயதையொட்டித்தான் முதன்முதலாகக் குட்டி போடும். சினைக்காலம் ஏறத்தாழ 110 நாள். ஈற்றுக்கு இரண்டு அல்லது மூன்று குட்டிகள். அவை வளர்ந்து விலகும்வரை, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு, அடுத்த ஈற்று இல்லை. ஆண்களில் எல்லாவற்றுக்கும் இனப்பெருக்க வாய்ப்புக் கிடைப்பதும் இல்லை. கிரில் ஆண்கள் இரண்டு மூன்றாகக் கூட்டணி சேர்ந்து எல்லை காக்கும். அந்தக் கூட்டணிக்குள்ளும் மூத்தது ஒன்று பெரும்பாலான இணைசேர்க்கையைத் தனக்கே வைத்துக்கொள்ளும். ஆக, அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கொடுப்பவை 891-ஐவிட மிகக் குறைவு.

இந்த இடத்தில் ஒரு சிறு விலகல். ஆப்பிரிக்கச் சிங்கக் கூட்டத்தில் பெண்களோடு ஆண்களும் சேர்ந்தே வாழ்வதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கிரில் இரை சிறியது, புள்ளிமான் போன்றது. பெரிய கூட்டத்துக்கு அது காணாது. எனவே இரண்டு மூன்று பெண்களும் குட்டிகளும் ஒரு கூட்டம். ஆண்கள் தனியே திரிந்து, இணைசேரவும் பெரிய இரை கிடைத்தால் பங்குக்கும் மட்டும் வந்து போகும். ஒரு பெண் கூட்டத்தின் நிலம் பல ஆண் கூட்டணிகளின் எல்லைகளுக்குள் படர்ந்திருப்பதால், பெண்கள் ஒரு கூட்டணியோடு நில்லாமல் பகைக் கூட்டணிகளின் ஆண்களோடும் இணைசேர்வதை ஸ்தோத்ரா சக்ரவர்த்தி, யாதவேந்திரதேவ் ஜாலா ஆகியோரின் நீண்டகால ஆய்வு காட்டியது. குட்டி தன்னுடையதாக இருக்கலாம் என்று நம்பும் ஆண் அதைக் கொல்லாது என்பதுதான் இதன் பயன் என்று அவர்கள் கருதுகிறார்கள். வயிற்றடியில் நீளவாக்கில் தொங்கும் தோல் மடிப்பையும் காது தெரியும் குட்டைப் பிடரியையும் மட்டுமே பாடநூல்கள் ஆசியச் சிங்கத்தின் அடையாளமாகச் சொல்கின்றன. எனக்கென்னவோ இந்த வாழ்க்கை முறைதான் அதைவிடச் சுவையான அடையாளமாகத் தோன்றுகிறது.

மரபணுவுக்கு வருவோம். துருக்கி, ஈரான் தொடங்கி வட இந்தியாவின் கிழக்குப் பகுதிவரை இருந்த சிங்கம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் குஜராத்தின் கத்தியவார் தீபகற்பத்தில் மட்டும் எஞ்சியது. ஈரானில் 1940-களோடு மறைந்தது. கிர் காட்டை ஆண்ட ஜுனாகத் நவாப் வேட்டையைத் தடுத்த காலத்தில் ஒரு டஜன்தான் மிச்சம் என்று அன்றைய குறிப்புகள் சொல்வதை ஆய்வாளர்கள் அப்படியே ஏற்பதில்லை. வெளியார் வேட்டைக்கு வராமலிருக்கக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். எப்படியானாலும் மிகச் சிலவற்றிலிருந்து பெருகியவையே இன்றுள்ள அனைத்தும். 1980-களில் இவற்றின் இரத்தப் புரதங்களை ஆராய்ந்தபோது வேறுபாடே தென்படவில்லை. ஆண்களின் விந்தணுக்களில் குறையுள்ளவற்றின் பங்கு செரெங்கெட்டிச் சிங்கங்களைவிட மிக அதிகமாக இருந்தது. பிந்தைய மரபணுத்தொகுதி ஆய்வுகளும் இந்தியச் சிங்கங்களின் வேறுபாடு மிகத் தாழ்ந்தது என்றே சொல்கின்றன.

அப்படியிருந்தும் எப்படிப் பெருகின என்று கேட்டீர்கள். பெருகுவதற்கு உடனடித் தேவை இரையும் பாதுகாப்பும்தான். அவை படிப்படியாகக் கிடைத்தன. 1965-இல் சரணாலயம், 1975-இல் தேசியப் பூங்கா, கால்நடை மேய்ச்சல் குறைந்ததும் புள்ளிமானின் பெருக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. தொடக்கத்தில் சிங்கத்தின் உணவில் முக்கால் பங்கு மாடும் எருமையுமாக இருந்தது. பின்னர் காட்டுயிர் ஆய்வாளர் ரவி செல்லம் ஆய்வு செய்த காலத்தில் காட்டு இரைகளே பெரும்பகுதி ஆகிவிட்டன. மரபணு வேறுபாட்டின் குறை நாளாந்த வாழ்வில் தெரியாது. புதிய நோய் ஒன்று வரும்போது, அதைத் தாங்கும் ஒரு சிலவாவது கூட்டத்தில் இருக்குமா என்ற இடத்தில்தான் அது வெளிப்படும். மருத்துவர் சொன்னதும் நான் சொல்வதும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன.

மறுமொழி: மேய்ச்சல்நிலம்

இருவரின் விளக்கத்தையும் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் காடு என்று சொல்லும்போது அந்தக் காட்டில் இருந்த மனிதர்களைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

மத்தியப் பிரதேசத்தின் குனோ பகுதியைச் சிங்கத்துக்கென்று 1990-களில் தேர்ந்தெடுத்தார்கள். அதற்காக 24 கிராமங்கள், ஏறத்தாழ 1,500 குடும்பங்கள், பெரும்பாலும் சஹாரியா பழங்குடியினர், 1998 முதல் 2003 வரை வெளியேற்றப்பட்டார்கள். சிங்கம் வரவில்லை. சிங்கத்தைத் தர குஜராத் மறுத்தது. 2013 ஏப்ரல் 15 அன்று ஆறு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்குப் பிறகும் வரவில்லை. 2022 செப்டம்பரில் அங்கே இறக்கப்பட்டவை நமீபியாவிலிருந்து விமானத்தில் வந்த சிவிங்கிப்புலிகள். ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியைக் குனோவுக்குக் கொண்டுவரும் திட்டத்தை நிறுத்தியதும் அதே 2013 தீர்ப்புத்தான். 2020-இல் நீதிமன்றமே சோதனை அளவில் இசைவு கொடுத்தது. சிங்கத்துக்காக வெளியேற்றப்பட்ட ஊரின் முதியவர் ஒருவருக்கு இதை எந்த அறிவியலைக் கொண்டு விளக்குவீர்கள்?

கிரில் சிங்கம் பிழைத்ததற்கு நவாபையும் வனத்துறையையும் மட்டும் காரணம் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். காட்டுக்குள் நேஸ் எனப்படும் முள்வேலிக் குடியிருப்புகளில் எருமை வளர்த்து வாழும் மால்தாரிகள் தலைமுறை தலைமுறையாகச் சிங்கத்துக்கு மாட்டை இழந்துகொண்டே அதோடு வாழ்ந்திருக்கிறார்கள். 1970-களில் அவர்களில் பெரும்பாலான குடும்பங்களை வெளியேற்றிய பின்னும் அந்தப் பொறுமை குறையவில்லை. 2025 கணக்கில் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வெளியே 507 சிங்கங்கள் இருந்தன. அம்ரேலி, பாவ்நகர் பக்கத்து உழவர்கள் நிலக்கடலையைத் தின்ன வரும் நீல்கை மானையும் காட்டுப்பன்றியையும் சிங்கம் விரட்டுவதால் அது வந்தால் வரட்டும் என்கிறார்கள். சிங்கத்தைக் கூண்டில் ஏற்றி ஆயிரம் கிலோமீட்டர்கூடக் கொண்டுபோகலாம். இந்த மனத்தை எந்தக் கூண்டில் ஏற்றுவது? 1957-இல் உத்தரப் பிரதேசத்தின் சந்திரபிரபா சரணாலயத்தில் ஓர் ஆணையும் இரண்டு பெண்களையும் விட்டார்கள். 11 வரை பெருகின, பிறகு 1965-ஐ ஒட்டித் தடமே இல்லாமல் போயின. அங்கே இருந்த மக்களுக்குச் சிங்கம் அந்நியம்.

மறுமொழி: கரிசல்வாசி

மூவருக்கும் நன்றி. மேய்ச்சல்நிலம் அவர்கள் குனோ பற்றிச் சொன்னதை நான் இவ்வளவு விவரமாக அறிந்திருக்கவில்லை. வெளியே இருப்பவை 507 என்றால் காட்டுக்குள் 384-தான் என்று ஆகிறது. நான் கரும்பலகையில் 'கிர் தேசியப் பூங்கா: 891' என்று எழுதிப் போட்டிருந்தேன், நாளை அதைத் திருத்த வேண்டும்.

இன்னும் இரண்டு சிறு கேள்விகள். பர்டா என்ற இடத்துக்குச் சிங்கங்கள் சென்றுவிட்டதாகச் செய்தியில் படித்தேன். அதை இரண்டாம் காடாகக் கொள்ளலாகாதா? உயிரியல் பூங்காக்களில் உள்ள சிங்கங்களைக் காப்பு இருப்பாகக் கருத முடியாதா?

மறுமொழி: சுவடன்

மேய்ச்சல்நிலம் எழுப்பிய கேள்விக்கு என்னிடம் நேரான விடை இல்லை. குனோவில் நடந்தது அநீதி என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. சந்திரபிரபாவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்றே சிங்கங்கள், சிறிய காடு, விட்ட பிறகு முறையான கண்காணிப்பு இல்லை, போதிய இரை உண்டா என்ற ஆய்வு இல்லை. தோற்றது இடமாற்றமா, கவனமின்மையா என்று பிரித்துப் பார்க்க அந்த முயற்சி நமக்கு வழியே வைக்கவில்லை. குனோவில் அந்தத் தவறு நேரக்கூடாது என்றுதான் நாங்குநேரியில் பிறந்த காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் போன்றவர்கள் அங்கே இரை விலங்குகளின் அடர்த்தியை நடந்து நடந்து கணக்கிட்டார்கள். பொறுமை கிர் மக்களின் பிறவிக்குணம் என்றும் நான் நினைக்கவில்லை. 1987–88 வறட்சியைத் தொடர்ந்து கிரைச் சுற்றிச் சிங்கம் மனிதரைத் தாக்குவது பன்மடங்கு கூடியபோது அங்கும் கசப்பு உண்டாகியது. மாட்டுக்கு இழப்பீடு காலத்தில் கிடைப்பது, திறந்த கிணறுகளுக்குச் சுவர் எழுப்புவது, பயிர் வேலியில் மின்சாரம் பாய்ச்சாமல் பார்த்துக்கொள்வது, பிபாவாவ் துறைமுகத்துக்குச் செல்லும் ரயில் பாதையில் காவலாள் நிறுத்துவது என்று நாள்தோறும் நடக்கும் வேலையால்தான் அந்தப் பொறுமை நிலைத்திருக்கிறது. அந்த வேலையை இன்னோர் இடத்திலும் செய்யலாம். ஆனால் சிங்கத்தை இறக்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்க வேண்டும்.

பர்டா நல்ல செய்திதான். 2023 ஜனவரியில் ஓர் ஆண் சிங்கம் தானாகவே நடந்து அங்கே போய்ச் சேர்ந்தது. 2025 கணக்கில் அங்கே 17 இருந்தன, அவற்றுள் 11 குட்டிகள். ஆனால் பர்டா சரணாலயத்தின் பரப்பு 192 சதுர கிலோமீட்டர். கிரிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. சிங்கம் நடந்து போக முடிந்த இடத்துக்கு நாயும் மாடும் உண்ணியும் அவற்றோடு வைரஸும் போகாதா என்று மருத்துவரே சொல்லட்டும்.

மறுமொழி: மாட்டாஸ்பத்திரி

போகும் ஐயா. மாடு ஓட்டிப் போகிறவன் சில நாட்களில் கடக்கும் தூரம் அது. லாரியில் ஏற்றினால் இரண்டு மணி நேரம். பர்டா சிங்கங்களுக்கான வாழிடத்தைப் பெருக்குகிறது, நோயிலிருந்து பிரித்து வைப்பதில்லை.

உயிரியல் பூங்கா பற்றிய கேள்விக்கும் நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பூங்காக்கள் ஆசியச் சிங்கம் என்று பல ஆண்டுகள் வளர்த்துப் பெருக்கியவற்றில் ஆப்பிரிக்கச் சிங்கத்தின் கலப்பு இருந்தது 1980-களில் தெரியவந்து, அந்த இனப்பெருக்கத் திட்டத்தையே கைவிட்டார்கள். சண்டிகருக்கு அருகிலுள்ள சத்பீர் பூங்காவிலும் கலப்புச் சிங்கங்கள் பெருகி, அவற்றின் இனப்பெருக்கத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கலப்பற்ற மரபுவழியை முறையாகக் காத்து வருவது 1863-இல் தொடங்கிய ஜுனாகத் சக்கர்பாக் பூங்கா. ஐரோப்பியப் பூங்காக்களின் இப்போதைய திட்டமும் அங்கிருந்து சென்ற சிங்கங்களைக் கொண்டதே. மரபணுவைக் காக்க அவை உதவும். ஆனால் கூண்டில் பிறந்து, தாயோடு வேட்டைக்குப் போகாமல் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட்டால், புள்ளிமானைத் துரத்துவதைவிட ஊருக்குள் கட்டிப்போட்ட கன்றுக்குட்டியைப் பிடிப்பதுதான் அதற்கு எளிது. கூண்டு நோயையும் தடுக்காது. 2021 ஜூனில் வண்டலூர் பூங்காவில் நீலா என்ற பெண் சிங்கம் கொரோனா தொற்றி இறந்தது உங்கள் மாணவிக்கே நினைவிருக்கலாம்.

எனவே இடம் மாற்றுவதாக இருந்தால் கிர் காட்டிலிருந்தே, ஒன்றையொன்று அறிந்த பெண்களும் குட்டிகளுமாக ஒரு முழுக் கூட்டத்தையும், அதோடு தனியாக ஓர் ஆண் கூட்டணியையும் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் இரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, தனிமைப்படுத்தல். புதிய காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் நாய்களுக்கு அதற்கும் முன்பே ஊசி போட்டு முடித்திருக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்குச் சிங்கம் வருமா வராதா என்று யாரும் காத்திருக்கத் தேவையில்லை; கிரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்றே செய்யலாம்.